கொலுசு மேல் விழுந்த பழி: ஒரு வெண்கல மணியின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

பட்டர்வொர்த்தை அடுத்த புக்கிட் தெங்ஙா பக்கம், ஒரு வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு உலோகம் உருக்கும் பொழுதுபோக்குப் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் லோரி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். அவருடைய அக்கா மகன்கள் இருவர் கூடமாட நிற்பார்கள். ஞாயிறன்று இன்னும் சிலர் வந்து சேர்வார்கள். அலுமினியத்தில் கை பழகி, பித்தளைக்கு வந்து, கதவுக் கைப்பிடி, குத்துவிளக்கின் உடைந்துபோன அன்னம் என்று சின்னச் சின்ன உருப்படிகளை நன்றாகவே வார்த்துக்கொண்டிருந்தார்கள். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் எஸ்டேட் போன பிறகும் ஊர்க்காரர்கள் விடாமல் கும்பிட்டு வரும் முனீஸ்வரர் கோயிலுக்கு ஒரு மணி வார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

வாய் அகலம் 17 செண்டிமீட்டர், அதிகம் போனால் நாலு கிலோ எடை. பெரிய வேலை இல்லை. வார்ப்பு அன்று கோயில் ஆட்கள் தேங்காய், பழத்தோடு வந்துவிட்டார்கள். வெள்ளி சேர்த்தால் நாதம் கூடும் என்று ஒரு பெரியவர் சொல்ல, கூட்டத்தில் இருந்த ஓர் அக்கா, காலமான தன் அம்மாவின் கொலுசு ஒன்றைக் கழற்றிக் கொடுப்பதுபோல் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 40 கிராம். பூசை முடிந்து, கொலுசு உலோகம் உருக்கும் கலமான மூசைக்குள் போய், உலோகம் அச்சில் இறங்கியது.

மறுநாள் அச்சை உடைத்தார்கள். மணியின் தோளைச் சுற்றிக் கடுகளவில் வெள்ளை வெளேரென்று முத்துகள் அரும்பியிருந்தன. தட்டிப் பார்த்தால் "டொக்" என்று அடங்கிவிட்டது. "வெள்ளி வெளியே வந்துருச்சு, முனி ஏத்துக்கல" என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு அந்த அக்கா வரவில்லை.

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் லைன் பராமரிப்பு என் வேலை. வெள்ளீயத்தோடுதான் நாள் முழுக்கப் புழக்கம். அதனால் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எது கெட்டுச்சுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

மூசைக்குள் போனவை

கணக்கு நோட்டில் எடை எழுதி வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வே கிடையாது. பழைய வால்வு உடம்புகள் 3 கிலோ, உரித்த செம்புக் கம்பி 1 கிலோ, வெள்ளீயம் 600 கிராம், கொலுசு.

வால்வுகள் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கியவை. வெளியே பச்சை பூத்து, அறுத்தால் உள்ளே சிவந்த மஞ்சள். "வெண்கலம்" என்று சொல்லி விற்றார்கள், வெண்கலம் என்றே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. தண்ணீர்க் குழாய் வால்வுகளுக்குப் பரவலாக ஊற்றும் கலவை செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5 என்ற விகிதத்தில் இருக்கும். காரீயத்தை வேண்டுமென்றேதான் சேர்ப்பார்கள். லேத்தில் கடைவதற்கு மசியும், நுண் துளைகளையும் அடைத்துக்கொள்ளும், வால்வு கசியாது. மணிக்கு வேண்டியது வேறு. செம்பு 78, வெள்ளீயம் 22 என்பதுதான் காலங்காலமாக மணி வார்ப்பவர்கள் பிடித்துவரும் கணக்கு. ஓரிரு விழுக்காடு இப்படி அப்படி இருக்கலாம். மூன்றாவது உலோகத்துக்கு அதில் வேலை இல்லை.

வெள்ளீயம் சால்டர் கட்டியிலிருந்து வந்தது. முதலில் எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். பழைய சால்டரில் 100க்கு 37 பங்கு காரீயம். ஐரோப்பியக் கட்டுப்பாடு 2006ல் நடைமுறைக்கு வந்த பிறகு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டருக்கு மாறிவிட்டன என்றாலும், பழையது இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பிரித்தறிவது சுலபம். 63க்கு 37 கலவை 183 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 உள்ள கட்டி 227 டிகிரி வரை அசையாது. மிச்சமிருந்த துண்டை இரும்புக் கரண்டியில் வைத்து, வெப்பமானியைச் செருகிப் பார்த்தோம். 227ஐத் தொட்ட பிறகுதான் இளகியது. சால்டர் தப்பித்தது.

இந்த ஊரில் வெள்ளீயத்துக்கு இப்படி அலைய வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902ல் இதே பட்டர்வொர்த்தில்தான் வெள்ளீய உருக்காலை திறந்தது. ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் உருக்காலை இருந்த இடத்தில் இப்போது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது.

கொலுசைக் கூண்டில் ஏற்றியபோது

ஊர் வாய் வெள்ளியைத்தான் குற்றவாளி ஆக்கியிருந்தது. அதனால் விசாரணையை அங்கேயே தொடங்கினோம். கோயில் தலைவரையும் அந்தப் பெரியவரையும் பட்டறைக்கு வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே செய்தோம்.

உளி முனையால் தோளிலிருந்து ஒரு முத்தைப் பெயர்த்துப் பட்டடைக் கல்லில் வைத்தோம். பக்கத்தில், அதே அளவுக்கு வெட்டிய வெள்ளிக் கம்பித் துண்டு. சின்னச் சுத்தியால் வெள்ளியை ஒரு தட்டு. மெல்லிய தகடாகப் பரவியது. முத்தை அதே பலத்தில் ஒரு தட்டு. "சடக்" என்று நொறுங்கி நாலா பக்கமும் சிதறியது. துண்டுகளின் முறிவு முகம் வெள்ளிபோல் பளபளத்தது, விரலால் தடவினால் கீறியது. வெள்ளி ஒருநாளும் இப்படி நொறுங்காது. செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ 68க்கு 32 என்று கூடி இறுகினால் கிடைக்கும் கடினமான, வெள்ளை நிறமான, நொய்ந்த பொருள் இது. வார்ப்புக்காரர்கள் இதை வெள்ளீய வியர்வை என்பார்கள்.

பெரியவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "சரிப்பா, அப்ப வெள்ளி எங்க போச்சு?" உருகிய செம்பில் வெள்ளி முழுக்கக் கரைந்துவிடும். எண்ணெய் மாதிரி மேலே மிதந்து நிற்காது. பிறை என்ற ஊரில் பழைய உலோகம் வாங்கும் தவுக்கே (முதலாளி) ஒருவரிடம் எக்ஸ்ரே கொண்டு உலோகச் சேர்மானம் பார்க்கும் கைத்துப்பாக்கி உண்டு. மணியின் அறுத்த ஊற்றுவாயை அதில் காட்டினோம். செம்பு 77, வெள்ளீயம் 16, காரீயம் 3க்குச் சற்று மேல், துத்தநாகம் 2க்கு மேல், வெள்ளி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. நோட்டில் இருந்த எடைகளை வைத்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. துத்தநாகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. அது புகையாகப் போன பங்கு. கொலுசு எங்கும் போகவில்லை. மணியின் உடம்பு முழுக்கச் சீராகப் பரவி உள்ளேயே இருக்கிறது.

வெள்ளி நாதத்தைக் கூட்டும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். ஐரோப்பாவிலும் கோயில் மணிக்கு வெள்ளிக் காசு போட்ட கதைகள் உண்டு. அந்த அளவு வெள்ளி நாதத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

ரைசர் உப்பியிருந்தது

முத்து வெள்ளீய வியர்வை என்று தெரிந்துவிட்டது. ஏன் வியர்த்தது? இதற்கான சாட்சி குப்பைத் தொட்டியில் கிடந்தது. அச்சின் உச்சியில் நிற்கும் ரைசர், மணி இறுகும்போது சுருங்குவதற்கு வேண்டிய உலோகத்தைக் கீழே கொடுத்துவிட்டுத் தான் நடுவில் குழி விழ வேண்டும். இவர்கள் அறுத்துப் போட்ட ரைசர் பணியாரம் போல மேலே உப்பி நின்றது. அதைப் பார்த்ததுமே உள்ளே வாயு என்று தெரிந்துவிட்டது.

உருகிய செம்பு ஹைட்ரஜனை ஏராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். இறுகும்போது அத்தனைக்கும் இடம் இருக்காது. இந்தக் கலவை 900 டிகிரிக்கு மேல் உறையத் தொடங்கி 800 வாக்கில்தான் முடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் செம்பு மிகுந்த பகுதி கிளை கிளையாக முதலில் கெட்டியாகிவிடும். வெள்ளீயம் மிகுந்த கடைசித் திரவம் அந்தக் கிளைகளுக்கு நடுவே தங்கி நிற்கும். அப்போது வெளியேறத் துடிக்கும் வாயு அந்தத் திரவத்தை நெட்டித் தள்ள, அது மணியின் தோலைத் துளைத்துக்கொண்டு வந்து வெளியே உறைகிறது. அது காலி செய்துவிட்டு வந்த இடமெல்லாம் உள்ளே பொந்து.

எவ்வளவு பொந்து என்பதையும் பார்த்தோம். காற்றில் மணியின் எடை 3.60 கிலோ. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 3.17. குறைந்த 430 கிராம், மணி விலக்கிய தண்ணீரின் எடை. அதாவது மணியின் கன அளவு 430 கன செண்டிமீட்டர். அப்படியானால் அடர்த்தி 8.37. கெட்டியாக இறுகியிருந்தால் 8.7ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 4 விழுக்காடு வெறும் ஓட்டை. ரைசரை உடைத்துப் பார்த்தபோது முறிவு முகத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள். அதுவும் இதையேதான் சொன்னது.

ஹைட்ரஜன் வந்த வழிகள்

ஈரம்தான். சூடான உலோகத்தில் பட்ட நீர் பிரிந்து ஹைட்ரஜனைத் தரும். பினாங்கில் அக்டோபரில் வேறென்ன. ஆனால் "ஈரம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். எந்தெந்த வழியாக வந்தது என்று பிரிக்க வேண்டும்.

நல்ல நேரம் முதல் வழி. உலோகம் தயாராகும்போது மணி பத்தேகால். பூசை வைப்பவர் பதினொன்றுக்கு மேல்தான் ஊற்ற வேண்டும் என்றார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உருகிய உலோகம் நெருப்பில் நின்றது. ஆறிவிடக் கூடாதே என்று பர்னரைக் கூட்ட, வெப்பம் 1,150ஐத் தாண்டியது. சூடு ஏற ஏற, நேரம் ஆக ஆக, செம்பு குடிக்கும் ஹைட்ரஜனும் ஏறும். என் கணிப்பில் பாதிக்கு மேல் கேடு இந்த முக்கால் மணி நேரத்தில் வந்தது. நல்ல நேரத்தை நான் குறை சொல்லவில்லை. நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் உலையைப் பற்ற வைத்தால் சாமிக்கும் குறையில்லை, செம்புக்கும் குறையில்லை.

அடுத்தது தீ. கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நெருப்பே ஈரம் தரும். வெள்ளீயம் எரிந்து வீணாகக் கூடாது என்று காற்றைக் குறைத்து, மூடியின் துளையில் மஞ்சள் நாக்கு நீட்டும் சோம்பல் தீயாக வைத்திருந்தார்கள். காற்று போதாத தீயில் எரியாத ஹைட்ரஜன் மிஞ்சும், நேரே உலோகத்துக்குள் போகும். செம்புக் கலவைக்குக் காற்று சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். அதனால் சேரும் ஆக்சிஜனை ஊற்றும் முன் பாஸ்பரஸ் கலந்த செம்பைச் சிறிது போட்டு எடுத்துவிடலாம். அந்த மருந்தையும் இவர்கள் "இருக்கட்டும்" என்று கைநிறையப் போட்டிருந்தார்கள். மிஞ்சிய பாஸ்பரஸ் அச்சில் உள்ள ஈரத்தைப் பிரித்து மறுபடியும் ஹைட்ரஜனைக் கிளப்பும்.

உருகிய உலோகத்துக்கு மேல் மூடாக்காகப் போட்ட கரி, கோல செபெத்தாங் பக்கத்து பாக்காவ் மரக் கரி. அருமையான கரி. ஆனால் சாக்கு முந்தின இரவெல்லாம் சிமெண்டுத் தரையில் கிடந்தது. கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கையில் எடுத்தால் தெரியாது. வார்ப்பு மணல் நிலையும் அதுவே. பெண்டோனைட் களிமண் கலந்த மணலுக்கு 3லிருந்து 5 விழுக்காடு தண்ணீர் போதும். மணியின் உட்குழிவை உருவாக்கும் உட்கூட்டு மண் உதிர்ந்துகொண்டே இருந்ததால் தெளித்துத் தெளித்துப் பிசைந்திருந்தார்கள். கையில் இறுக்கிப் பிடித்த உருண்டை உள்ளங்கையில் ஈரத்தை விட்டதாகச் சின்னவன் சொன்னான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு அச்சை வண்டல் மண்ணில் பொதிந்து, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுகிறார்கள். அங்கே ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காயவைக்காத ஈர மணலில், அதாவது பச்சை மணலில், வார்ப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நாதம் செத்தது வேறு கணக்கு

பொந்து விழுந்த மணி மந்தமாகத்தான் ஒலிக்கும். ஆனால் பொந்து மட்டுமே காரணமா? 3 விழுக்காடு காரீயம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. காரீயம் இறுகிய செம்பில் கரைவதில்லை. நுண்ணிய மெத்தென்ற துளிகளாக உலோகம் முழுக்கத் தங்கிவிடும். அதிர்வு அந்தத் துளிகளைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கம்பி வார்த்தோம். ஒன்றுக்கு அதே வால்வு, அதே கலவை. ஆனால் கரி இல்லாமல், காற்று தூக்கலான தீயில், வேகமாக உருக்கி, காய்ச்சிய அச்சில் தாமதிக்காமல் ஊற்றியது. இன்னொன்று செம்புக் கம்பியும் வெள்ளீயமும் மட்டும், மற்றபடி அதே முறை. இரண்டிலும் முத்து இல்லை, ரைசர் குழி விழுந்தது. ஆக, வியர்வைக்குக் காரணம் வாயுதான், கலவை இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினோம். வால்வுக் கம்பி முதல் மணியைவிடத் தேவலை, ஆனாலும் சட்டென்று அடங்கியது. சுத்தக் கம்பி விடாமல் ரீங்கரித்தது. விரலால் தொட்டு நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு நோய், இரண்டு காரணம். இதில் எதிலும் கொலுசுக்குப் பங்கில்லை.

காரீயத்தை மூசையிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை பொழுதுபோக்குப் பட்டறைக்கு ஆகாது. பழைய வால்வு மணிக்கு உதவாது என்று ஒதுக்கிவைப்பதுதான் வழி.

அன்றிரவு வந்த காய்ச்சல்

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. விசாரிக்கும்போது தானாக வெளிவந்தது. மூசைக்கு நேர்மேலே குனிந்து கசடு வாரிய பெரிய மருமகனுக்கு அன்றிரவு குளிர் நடுக்கம், வாயில் ஒரு இனிப்புச் சுவை, உடம்பு வலி. டெங்கியோ என்று பயந்து கிளினிக்குக்கு ஓடி ரத்தம் பார்த்தார்கள், டெங்கி இல்லை. மறுநாள் தானாகச் சரியானது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும். 1,150ல் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பி, மூச்சில் ஏறி, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலாக இறங்கும். உலோகப் புகைக் காய்ச்சல் என்றே இதற்குப் பெயர். இதுவாவது வந்த சுவடு தெரிந்து போகிறது. கூடவே எழுந்த காரீயப் புகை அப்படிப் போவதில்லை, உடம்பில் தங்கும். கொட்டகையின் இரண்டு பக்கத் தகரத்தைக் கழற்றச் சொன்னேன். மறுநாளே கழற்றிவிட்டார்கள்.

ஊற்றும் இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை, காலில் ஜப்பான் சிலிப்பர். சிமெண்டு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். உருகிய செம்பு ஒரு கரண்டி சிந்தினாலும் உள்ளே இருக்கும் நீர் ஒரே கணத்தில் ஆவியாகித் தரையைப் பெயர்த்து, உலோகத்தோடு சேர்த்து முகத்துக்கு எறியும். அன்று சிந்தவில்லை, அவ்வளவுதான். இப்போது நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த மணல் பரப்பியிருக்கிறார்கள். தோல் பூட்ஸ் இல்லாதவர் மூசையைத் தூக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு.

இரண்டாவது மணி

செம்புக் கம்பி 3.6 கிலோ, வெள்ளீயம் 1 கிலோ. கம்பியின் பிளாஸ்டிக்கை எரிக்காமல் கத்தியால் உரித்தார்கள். எரித்தால் விஷப் புகை ஒரு பக்கம், உலோகத்தில் கரி ஒட்டுவது இன்னொரு பக்கம். உட்கூட்டை வாட்டர் கிளாஸ் (சோடியம் சிலிக்கேட் கரைசல்) கலந்த மணலில் செய்து, கரியமில வாயு செலுத்தி இறுக வைத்து, அடுப்பில் காயவைத்தார்கள். அச்சின் உட்புறத்தைத் தீநாக்கால் வாட்டினார்கள். பூசையை உலை பற்ற வைக்கும் முன்பே முடித்தார்கள். நேரம் குறித்தவரே அதற்குச் சம்மதித்தார்.

அந்த அக்காவும் வந்திருந்தார். பட்டடைக் கல்லில் முத்து நொறுங்கியதைக் கோயில் தலைவர் வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறார். சோடியில் மிச்சமிருந்த இன்னொரு கொலுசைக் கொண்டுவந்து, "போடலாமா?" என்று என்னைத்தான் கேட்டார். "போடுங்கக்கா, ஒண்ணும் கெடாது" என்றேன். ஊர் வாயை அடைக்க அதைவிடப் பெரிய சோதனை வேறு இல்லை. 1,050ல் ஊற்றினோம். தோள் மழமழவென்று வந்தது, ஒரு முத்துகூட இல்லை. தட்டியதும் எழுந்த ஒலி கொட்டகைக்கு வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

முதல் மணியை என்ன செய்வது என்பதில் கொஞ்சம் இழுபறி. உருக்கி விற்க அக்காவுக்கு மனமில்லை. அண்ணன்தான் வழி சொன்னார். கோயிலின் சின்ன ரதத்துக்குச் சக்கரப் புஷ் (சக்கரத்துக்கும் அச்சுத்தண்டுக்கும் நடுவே இருக்கும் வளையம்) தேய்ந்திருந்தது. காரீயம் கலந்த வெண்கலம் புஷ்ஷுக்கு நல்ல பொருள், வழுக்கும், அச்சுத்தண்டைக் கடிக்காது. மறுபடி முறையாக உருக்கி, உருளையாக வார்த்து, லேத்தில் கடைந்து மாட்டிவிட்டார்கள்.

மணி நாக்கு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு எனக்கு வாக்குவாதம். லோரி பேரிங்கிலிருந்து எடுத்த உருண்டையை நாக்காகக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை, பளபளவென்று இருக்கிறதாம். 22 விழுக்காடு வெள்ளீயம் உள்ள மணி கடினமானது, ஆனால் நொய்ந்தது. பேரிங் உருண்டை அதைவிடக் கடினம். ஒரு வருடம் அடித்தால் விளிம்பு விரிசல் விடும். நாக்கு எப்போதும் மணியைவிட மெத்தென்று இருக்க வேண்டும், தேய்ந்தால் நாக்கு தேயட்டும். கடைசியில் சாதாரண இரும்புக் கம்பியின் நுனியைக் காய்ச்சி, உருட்டி, விளிம்புத் தடிப்பில் படும்படி நீளம் பார்த்துக் கட்டினோம். பேரிங் உருண்டை இப்போதும் அவர் மேசை டிராயரில் இருக்கிறது, அடுத்த மணிக்காம்.